நிலவறைக்குள் அரசாங்கம்

உப்பில் ஊறப்போட்ட முட்டைக்கோஸ் பீப்பாய் மிதந்துகொண்டிருந்தது.

பாம்ஃபில் நிலவறைப் படியில் டார்ச் லைட்டோடு நின்று அதையே பார்த்தார். பீப்பாய் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி, உருளைக்கிழங்கு மூட்டையை இடித்துவிட்டு, அவரை நோக்கி வந்தது. ஞாயிற்றுக்கிழமை சமையலுக்கு ரெண்டு கோஸ் எடுத்து வரச் சொல்லித்தான் மனைவி ஒலிம்பியா அவரைக் கீழே அனுப்பியிருந்தாள்.

"ஒலிம்பியா."

"என்ன?" என்று மேலிருந்து குரல் வந்தது.

"கீழ தண்ணி."

"எவ்வளவு?"

"பீப்பாய் என்னைப் பார்க்க வருது."

பாம்ஃபில், வாலேயா அக்ரா என்ற நகரத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் வாங்கியிருக்கிறார்கள். கோபம் அவருக்குத் தொழிலோடு சேர்ந்தது. அந்தக் கோபத்தால்தான் இந்தத் தண்ணீரும் வந்தது. நிலவறைக் கூரையில் குறுக்கே ஒரு மர விட்டம். இறங்கும்போதெல்லாம் தலையில் இடிக்கும். விட்டத்தைக் கெட்ட வார்த்தையில் திட்டிப் பார்த்தார், அது உயரவில்லை. சரி, தரையைத் தாழ்த்துவோம் என்று கோடையில் கடப்பாரை எடுத்து ஒரு முழம் தோண்டினார். தலை தப்பியது. இப்போது தரை நீருக்கடியில்.

விரலை நனைத்து நாக்கில் வைத்தார். சுருக்கென்றது. இரும்பு வாசம், மூக்கு வரை ஏறும் குமிழி.

"சோடா" என்றார்.

"நல்லதாப் போச்சு" என்றாள் ஒலிம்பியா, படிமேல் நின்று. "கோஸும் சோடாவும் வீட்டுக்குள்ளேயே கிடைக்குது. இறைச்சி மட்டும்தான் இனிமே தோண்டணும்."

மறுநாள் குடிநீர்க் குழாய் பார்க்கிற ஆள் வந்தான். குழாய் உடைந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் வந்தான். ஒரு டம்ளர் கேட்டான், முகந்து குடித்தான், இன்னொரு டம்ளர் குடித்தான்.

"இது எங்க தண்ணி இல்ல சார்."

"எப்படிச் சொல்றே?"

"எங்க தண்ணி இவ்வளவு நல்லா இருக்காது."

சொல்லிவிட்டு ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய்விட்டான்.

நகராட்சி அலுவலகம் பாம்ஃபில் வீட்டுக்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம். அப்பா இந்த வீட்டைக் கட்டிய காலத்தில்தான் அதையும் கட்டினார்கள். ரப்பர் பூட்ஸைக் கழற்றாமலே சாலையைத் தாண்டினார். பளிங்குத் தரையில் ஈரத் தடம் பதிய, பொதுச் சொத்துப் பிரிவின் ஜன்னல் முன் போய் நின்றார். உள்ளே சிதோனியா மேடம் நகத்துக்குச் சாயம் பூசி ஊதிக்கொண்டிருந்தாள்.

"மேடம், என் நிலவறைல சோடாத் தண்ணி பொங்குது."

"அது உங்களுது இல்ல பாம்ஃபில் சார்."

"எது?"

"தண்ணி. பூமிக்கு அடியில இருக்கிற கனிமநீர் எல்லாம் அரசாங்கச் சொத்து. நீங்க தொடக் கூடாது."

பாம்ஃபிலுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் அரசு ஊழியரைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. "ரொம்ப நல்லது மேடம். நான் தொடவே மாட்டேன். உங்க பொருள், நீங்க வந்து எடுத்துக்கிட்டுப் போங்க. எப்ப வர்றீங்க?"

சிதோனியா ஊதுவதை நிறுத்தினாள். இப்படி ஒருவர் கேட்டு அவள் பார்த்ததில்லை. வழக்கமாக வருகிறவர்கள் 'என்னுது, என்னுது' என்றுதான் சண்டை போடுவார்கள். அவள் எழுந்து போய் சட்ட ஆலோசகரைக் கூட்டிவந்தாள்.

லியோன்டின் ஒல்லியான மனிதர். கழுத்துப்பட்டையில் சிறு சிறு தராசுப் படங்கள். அரசியல் சட்டத்தை மனப்பாடமாகச் சொல்லுவார், கேட்காமலேயே சொல்லுவார்.

"பொதுச் சொத்துங்கிறது சாதாரண விஷயம் இல்ல பாம்ஃபில் சார். யாரும் விற்க முடியாது. யாரும் ஜப்தி பண்ண முடியாது. எத்தனை வருஷம் ஒருத்தர் அனுபவிச்சாலும் அவருக்குச் சொந்தமாகாது. அரசியல் சட்டம் சொல்லுது, சிவில் சட்டமும் அதையே சொல்லுது."

"எனக்குச் சொந்தமாகவே வேணாம் சார். அதைத்தான் நானும் சொல்றேன்."

"உங்களுக்கு வேணுமா வேணாமாங்கிறதை யாரும் கேக்கல. அது அரசாங்கத்துக்குச் சொந்தம். அவ்வளவுதான்."

"அப்ப அரசாங்கம் வந்து அள்ளட்டும்."

"சொந்தம்னா அள்ளணும்னு எங்க எழுதியிருக்கு?" என்றார் லியோன்டின். அவர் முகத்தில் உண்மையான ஆச்சரியம் இருந்தது. "அது தலைநகர் புக்கரெஸ்ட்ல இருக்கிற ஆளுங்க பார்க்க வேண்டிய விஷயம். எழுதிப் போடறோம். அதுவரைக்கும் பத்திரமாப் பார்த்துக்குங்க. ஒரு சொட்டுக் குறைஞ்சாலும் நீங்கதான் பதில் சொல்லணும்."

பாம்ஃபில் வெளியே வந்து சாலை ஓரத்தில் நின்றார். கழுத்து நரம்பு புடைத்தது. சாலையில் யார் முதலில் போக வேண்டும், யார் நின்று வழிவிட வேண்டும் என்பதற்கு ஒரு விதி உண்டு. அவர் வாழ்நாள் முழுவதும் அதைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். வண்டி உன்னுடையது என்றால் பிரேக்கும் உன் காலடியில்தான். இங்கே வண்டி இன்னொருத்தனுடையது, மோதுகிற சுவர் மட்டும் தன்னுடையது.

வாடகைக்கு ஒரு பம்பு கொண்டுவந்தார்.

"அரசாங்கச் சொத்தை வெளியே தள்றியா?" என்றாள் ஒலிம்பியா.

"தள்ளல. அரசாங்க ரோட்டுல விடறேன். அவங்க பொருள் அவங்க இடத்துக்கே போகுது. இதுல என்ன தப்பு?"

சட்டப்படி யோசித்தால் அதில் ஒரு அழகு இருந்தது. ஆனால் அது நவம்பர் மாதம். குழாயிலிருந்து பீறிட்ட தண்ணீர் சாலையெங்கும் பரவி, விடியும்போது கண்ணாடிபோல உறைந்திருந்தது. காலையில் வேலைக்கு வந்த சிதோனியா ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு தப்பினாள். பின்னால் வந்த லியோன்டினுக்குப் பிடிக்க மரம் இல்லை. கைப்பை ஒரு பக்கம், கழுத்துப்பட்டை ஒரு பக்கம், அவர் நகராட்சி வாசல்படி வரைக்கும் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார். வலது மணிக்கட்டு உடைந்தது.

மத்தியானமே அபராதம் வந்தது. அரசின் கனிமநீரை அனுமதியின்றி வெளியேற்றியதற்கு ஒன்று. பொதுச் சாலைக்குச் சேதம் விளைவித்ததற்கு இன்னொன்று. லியோன்டின் இடது கையால் கையெழுத்துப் போட்டிருந்தார். எழுத்திலேயே கோபம் தெரிந்தது.

"அவங்க சொத்து, அவங்க ரோட்டைக் கெடுத்துச்சு, அபராதம் எனக்கு" என்று பாம்ஃபில் அன்று முழுவதும் சொல்லிக்கொண்டே கார் பாடம் நடத்தினார். பக்கத்தில் ஓட்டிக்கொண்டிருந்த பெண் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போனதைக்கூட அவர் கவனிக்கவில்லை. "நீங்களே சொல்லுங்கம்மா, நியாயமா?" என்று கேட்டார். அந்தப் பெண், "இடது பக்கமா, வலது பக்கமா சார்?" என்றாள்.

பம்பை நிறுத்தியதும் நிலவறையில் தண்ணீர் இன்னும் இரண்டு படி ஏறியது.

குழாய்க்காரன் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டிருந்தான். வயிற்றுக்கு நல்லதாம், சிறுநீரகக் கல் கரைகிறதாம், ஒருத்தனுக்கு மாமியார் தொல்லையே தீர்ந்துவிட்டதாம். வெள்ளிக்கிழமையன்று முதல் ஆள் காலிப் பாட்டிலோடு வாசலில் நின்றான். பாம்ஃபில் அவனை விரட்டவில்லை. யோசித்தார். பத்துப் பேர் குடித்தால் பத்துப் பாட்டில் குறையும். ஊரே குடித்தால் நிலவறையே காயும்.

"வாங்க, வாங்க. வேணும்கிறதைப் பிடிங்க. காசு வேணாம்."

ஊர் வந்தது. பாட்டிலோடு வந்தது, கேனோடு வந்தது, ஒருவர் பால் கறக்கும் வாளியோடு வந்தார். நிலவறைக்கு வழி சமையலறை வழியாகத்தான். சேற்றுக் காலோடு நடந்தார்கள், அடுப்பில் என்ன வேகிறது என்று மூடியைத் திறந்து பார்த்தார்கள். திரைச்சீலை நிறம் சரியில்லை என்று ஒரு கிழவி ஒலிம்பியாவிடமே சொன்னாள். மிதந்துகொண்டிருந்த பீப்பாயிலிருந்து நாலைந்து கோஸ் காணாமல் போயிற்று. தண்ணீர் மட்டும் அப்படியே இருந்தது. கீழிருந்து ஊறிக்கொண்டே இருந்தது.

"போதும்" என்று ஒருநாள் சாயங்காலம் கதவைச் சாத்திப் பூட்டினார் பாம்ஃபில்.

அடுத்த நாள் சிதோனியா பூட்டைப் பார்த்துவிட்டு வாசலில் நின்றாள். கையில் ஒரு தாள்.

"பாம்ஃபில் சார், இதைப் பூட்ட முடியாது."

"என் வீடு மேடம்."

"வீடு உங்களுது. தண்ணி பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்துடுச்சு. நீங்களேதான் கொண்டுவந்தீங்க. பொதுப் பயன்பாட்டுச் சொத்தை மூடி வைக்கிறது குற்றமாம். லியோன்டின் சார் இடது கையால எழுதியிருக்கார், கொஞ்சம் கோணலா இருக்கு, நான் படிச்சுக் காட்டறேன். காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் திறந்திருக்கணும். ஞாயிற்றுக்கிழமையும்."

"ஞாயிற்றுக்கிழமை உங்க ஆபீஸே திறக்காது."

"ஆபீஸ் வேற, தண்ணி வேற."

அந்த வாரக் கடைசியில் படுக்கையறைச் சுவரில் விரிசல் விழுந்தது. முதலில் முடி அளவு. பிறகு விரல் போகும் அளவு. ஒலிம்பியா கட்டிலில் உட்கார்ந்து அதைப் பார்த்தாள். அவள் மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பவள். சிரித்துச் சிரித்தே எல்லாவற்றையும் தாங்குகிறவள். அன்றைக்கு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வாசலுக்கு வெளியே இரண்டு பேர் பாட்டிலோடு வரிசையில் நின்று, 'இன்னும் எழுந்திருக்கலயா இவங்க' என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நான் அக்கா வீட்டுக்குப் போறேன்" என்றாள்.

"எத்தனை நாளைக்கு?"

"அரசாங்கம் காலி பண்ற வரைக்கும்."

"நான் என்ன பண்ணுவேன் ஒலிம்பியா? எங்க போனாலும் ஒரு சட்டத்தை எடுத்து மூஞ்சில வீசறாங்க."

"நீ ஒண்ணும் பண்ணாதே. நீ பண்ணின ஒவ்வொண்ணுக்கும்தான் ஒரு படி ஏறியிருக்கு."

பெட்டியை அவரே பஸ் நிறுத்தம் வரை தூக்கிக்கொண்டு போனார். திரும்பி வந்து நிலவறைப் படியில் உட்கார்ந்தார். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கையில் இருந்தன, வாயில் வைக்கத் தோன்றவில்லை. காலடியில் தண்ணீர் கொப்புளித்துக்கொண்டிருந்தது. அவர் பிறந்த வீடு. அப்பா செங்கல் செங்கலாக அடுக்கியது. அடியில் கிடக்கிற ஒன்று, 'நான் அரசாங்கம், நான் அரசாங்கம்' என்று குமிழி விட்டுக்கொண்டு அதைத் தின்கிறது. அவர் ரொட்டியைத் தண்ணீரில் வீசினார். அதுவும் மிதந்தது.

நகர சபைக் கூட்டம் வியாழக்கிழமை. பாம்ஃபில் நிலவறையிலிருந்து நேராகப் போனார். ரப்பர் பூட்ஸ் இரண்டிலும் தண்ணீர் நிறைந்திருந்தது. நடக்க நடக்கக் களுக் களுக்கென்றது. பூங்காவில் பெஞ்சுக்கு என்ன வர்ணம் பூசலாம் என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றார். குரல் உயரவில்லை. அவரிடம் கார் கற்றுக்கொண்ட உறுப்பினர்களுக்கு அது எவ்வளவு ஆபத்து என்று தெரியும். "உங்க மாடு என் வீட்டுக்குள்ள வந்து படுத்துக்குது. என் சுவரை இடிக்குது. என் பெண்டாட்டி வீட்டை விட்டுப் போயிட்டா. நான் வந்து மாட்டை ஓட்டிக்கிட்டுப் போங்கன்னு சொல்றேன். நீங்க என்ன பண்றீங்க? மாடு உங்களுதுதான்னு அரசியல் சட்டத்தைப் படிச்சுக் காட்டறீங்க. மாட்டை நான் வெளியே தள்ளினா அபராதம். கதவைச் சாத்தினா குற்றம். சொந்தம்னு சொல்றதுக்கு மட்டும் ஓடி வர்றீங்களே, சாணி அள்றதுக்கு ஒருத்தன் வர்றானா?"

லியோன்டின் கட்டுப்போட்ட கையை மேசைமேல் எடுத்து வைத்தார்.

"மாடு அசையும் சொத்து. உதாரணமே தப்பு."

பாம்ஃபில் குனிந்து வலது பூட்ஸைக் கழற்றினார். மேசைக்கு நடுவே அதைக் கவிழ்த்தார். பெஞ்சு வர்ணக் காகிதங்கள் மிதந்தன. பிறகு இடது பூட்ஸ்.

"இந்தாங்க. உங்க சொத்து. கொஞ்சம் கொஞ்சமாக் கொண்டுவந்து தர்றேன்."

லியோன்டின் எழுந்தார். "இந்த மேசை பொதுச் சொத்து. இந்தக் கட்டடம் பொதுச் சொத்து. கீழ இருக்கிற மண்ணு பொதுச் சொத்து. இனிமே நீங்க இந்த எல்லைக்குள்ள காலெடுத்து வைக்கக் கூடாது."

"பொதுச் சொத்துன்னா நான் வரக்கூடாதா? நானும் பொதுமக்கள்ல ஒருத்தன்தானே?"

"பொதுமக்கள் வரலாம். நீங்க வரக்கூடாது."

இரண்டு காவலாளிகள் வந்து தோளைத் தொட்டார்கள். இருவருக்கும் அவர்தான் கார் கற்றுக்கொடுத்தவர் என்பதால் மரியாதையாகத் தொட்டார்கள். கதவுவரை போன பாம்ஃபில் வெறும் காலோடு திரும்பி நின்றார். அந்த நிமிஷம் அவருக்கு எல்லாமே அலுத்துவிட்டது.

"சரி. தண்ணி உங்களுது. அந்த நிலவறையையும் நீங்களே வச்சுக்குங்க. இனாமாத் தர்றேன். மேல இருக்கிற வீட்டை மட்டும் என்னை நிம்மதியா வச்சுக்க விடுங்க."

லியோன்டினின் முகம் மாறியது. நகராட்சி கையில் கனிம ஊற்றுக்கு ஒரு வாசல், அதுவும் சும்மா. தண்ணீரைப் பாட்டிலில் அடைக்க ஆள் பிடிக்கலாம். சுவருக்கு முட்டுக் கொடுத்து, வெளியிலிருந்தே தனிப்படி வெட்டி, சிமெண்டுப் பூச்சும் போட்டுவிடலாம். பாம்ஃபில் கேட்டுக் கேட்டு அலுத்த அத்தனையும் ஒரே மூச்சில் நடக்கும்போலிருந்தது.

"அதுக்கு வழி இருக்கு" என்றார், குரலைத் தணித்து. "நீங்க தானமாக் கொடுக்கணும். நாங்க ஏத்துக்கணும். ஆனா எது உங்க எல்லை, எது ரோடுன்னு துல்லியமா அளந்தாத்தான் ஏத்துக்க முடியும். அரசாங்கம் யாரோட சொத்தையும் சும்மா எடுத்துக்காது."

நிலம் அளக்க ஸம்ஃபிரா என்ற பெண் பக்கத்துப் பெரிய நகரத்திலிருந்து வந்தாள். சிவப்புக் கம்பளித் தொப்பி, தடித்த மேலங்கி. வந்ததும் முக்காலியை நட்டு, கருவியைப் பொருத்தி, வீட்டின் நாலு மூலையையும் அளந்தாள். நிலவறைக்குள் இறங்கி அளந்தாள், மேலே வந்து பூட்ஸை உதறினாள். கைக்கருவியில் எதையோ பார்த்து முகம் சுளித்தாள். மறுபடி முதலிலிருந்து அளந்தாள்.

"இவ்வளவு நேரமாகுமா?" என்றார் லியோன்டின். அவர் எதிர்ப்பக்கம் நகராட்சி நடைபாதையில் நின்றார். பக்கத்தில் சிதோனியா. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வழக்கம்போலப் பாட்டிலோடு வந்திருந்தார்கள். அக்கா வீட்டிலிருந்து ஒலிம்பியாவும் வந்து பாம்ஃபில் அருகில் நின்றாள்.

"குடுத்துடப் போறியா?" என்றாள் மெதுவாக.

"குடுத்துட்டா நீ வந்துடுவியா?"

"விரிசலை அடைச்சாங்கன்னா வர்றேன்."

"அப்ப குடுத்துடறேன்" என்றார். அப்பா வைத்த முதல் கல் அந்த நிலவறைக்குள்தான் இருந்தது. ஆனால் ஒலிம்பியா தோளில் கை வைத்தாள், அது போதும் போலிருந்தது.

ஸம்ஃபிரா முக்காலியைத் தூக்கிக்கொண்டு சாலையைத் தாண்டினாள். நகராட்சிக் கட்டடத்தின் மூலைகளை அளக்க ஆரம்பித்தாள்.

"அங்க எதுக்கு?" என்றார் லியோன்டின். "அது எங்க கட்டடம். அளக்க வேண்டியது அவரோடது."

ஸம்ஃபிரா வாசல்படியில் ஒரு குச்சியை ஊன்றினாள். கொடிக்கம்பத்தடியில் ஒன்று. கருவி வழியாக வீட்டைப் பார்த்தாள், திரும்பி அலுவலகத்தைப் பார்த்தாள். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தாள்.

பாம்ஃபிலால் பொறுக்க முடியவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்கச் சாலையைத் தாண்டி, நடைபாதை விளிம்பில் ஒரு காலை வைத்தார்.

"பாம்ஃபில் சார்" என்றார் லியோன்டின், கட்டுப்போட்ட கையை நீட்டி. "காலை எடுங்க. உங்களுக்கு இந்த எல்லைக்குள்ள வர அனுமதி இல்ல. ஊரே பார்த்துக்கிட்டிருக்கு, சட்டத்தை மதிங்க."

பாம்ஃபிலின் காது மடல் சிவந்தது. பின்னாலேயே வந்த ஒலிம்பியா சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் அந்தக் காலை எடுத்துப் பின்னால் வைத்தார். அவர் வாழ்க்கையில் அதைவிடக் கனமான எதையும் தூக்கியதில்லை.

ஸம்ஃபிரா குச்சிகளைப் பிடுங்கினாள். முக்காலியை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டு லியோன்டினிடம் வந்தாள்.

"அவரை ஏன் சார் வெளிய நிறுத்தறீங்க? அந்தக் காலத்துல வரைபடத்தைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு கட்டடத்துக்கும் அஸ்திவாரம் போட்டிருக்காங்க. நிலவறையோட சேர்த்து அந்த வீடு நிக்கிறதுதான் நகராட்சி நிலம், நீங்க எல்லாரும் ஆபீஸ் போட்டு உட்கார்ந்திருக்கிறது இவரோட நிலத்துல."